உயிரைக் காத்த பிறகு யார் பேசுவது?

தாங்க முடியாத வேதனையில் தன்னைத் தானே வருத்திக்கொண்டோ, உயிரை விடத் துணிந்தோ ஒருவர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும்போது, அவருடைய உடலைக் காப்பாற்றுவதற்கான ஏற்பாடு தமிழ்நாட்டில் இன்று நன்றாகவே இருக்கிறது. 108 ஆம்புலன்ஸ் கிராமத்துத் தெருவரை வருகிறது. மாநிலத்தின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் சாலை விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம் ஆகியவற்றோடு நஞ்சு பாதிப்பும் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. நள்ளிரவில் வந்தாலும் டூட்டி டாக்டர் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், மருந்து இருக்கிறது. ஒரு மாவட்டத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், அந்த முதல் சில மணி நேரத்தில் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் படுகிற பாட்டைப் பல ஆண்டுகளாகப் பக்கத்திலிருந்து பார்த்து வருகிறேன். அவர்கள்மீது எனக்கு இருக்கும் மரியாதை பெரிது.

ஆனால் உடல் தேறிய பிறகு என்ன நடக்கிறது? ரத்தப் பரிசோதனை முடிவு சரியாக இருக்கிறது, சாப்பிடுகிறார், நடக்கிறார் என்றதும் டிஸ்சார்ஜ் எழுதப்படுகிறது. மனநல ஓ.பி.க்கு வந்து காட்டும்படி கேஸ் ஷீட்டின் கடைசியில் ஒரு வரி இருக்கும். பல நேரம் அதுவும் இருக்காது. எந்தக் கடனுக்கும் சண்டைக்கும் தனிமைக்கும் நடுவிலிருந்து வந்தாரோ அந்த இடத்துக்கே, இப்போது அவமானத்தையும் கூடுதலாகச் சுமந்துகொண்டு, அவர் திரும்பிப் போகிறார். இடைப்பட்ட நாட்களில் அவரிடம் நோய் வரலாறு கேட்டவர்கள் உண்டு, போலீஸ் வாக்குமூலம் வாங்கியவர்கள் உண்டு, அறிவுரை சொன்னவர்கள் மிகப் பலர் உண்டு. “உங்களுக்கு என்ன ஆயிற்று?” என்று உட்கார்ந்து கேட்டவர் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. சுயதீங்குக்கு, அதாவது தன்னைத் தானே வருத்திக்கொண்டதற்கு, வயதுவந்தோர் பெறும் சிகிச்சையை மேம்படுத்துவது என்று நான் சொல்வதெல்லாம் இந்த இடைவெளியை நிரப்புவதைத்தான். அதற்குப் புதிய கட்டடமோ விலை உயர்ந்த கருவியோ தேவையில்லை.

இது சிறிய பிரச்சினை அல்ல என்பதற்கு ஒன்றிரண்டு எண்கள் போதும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். எண்ணிக்கையில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இறப்பில் முடியாத முயற்சிகள் இதைப் போல் இருபது மடங்குக்கும் அதிகமாக இருக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சுயதீங்குக்குப் பின் மருத்துவமனைக்கு வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்த உலகளாவிய ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2014-இல் வெளியான கணக்கு, அவர்களில் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் ஓர் ஆண்டுக்குள் மீண்டும் அதே காரணத்துக்காக மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்றும், 1.6 விழுக்காட்டினர் அதே ஆண்டுக்குள் தற்கொலையால் இறந்துவிடுகிறார்கள் என்றும் காட்டியது. அடுத்த ஓராண்டில் நூறில் ஒன்றுக்கும் மேற்பட்டவர் இறக்கக்கூடிய ஒரு நிலையில் இருப்பவரை, வேறு எந்தத் துறையும் மறுவருகைத் தேதி இல்லாமல் அனுப்பி வைக்காது. மாரடைப்பு வந்து போனவரை நாம் அப்படி அனுப்புவதில்லை.

முதலில் வார்டில் நடக்கும் பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் சிகிச்சை தொடங்குவதும் கெடுவதும் அங்கேதான். (இங்கே நான் குறிப்பிடுகிறவர்களின் ஊர், உறவு, சூழல் எல்லாவற்றையும் மாற்றியே எழுதுகிறேன்.) முப்பது வயதுப் பெண் ஒருவர் கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருக்கிறார். கால்மாட்டில் மாமியார், ஜன்னலோரம் கணவர், வாசலில் கணவரின் அண்ணன். ட்ரிப் பாட்டில் மாற்ற வந்த செவிலியர், உண்மையான அக்கறையோடுதான், “ஏம்மா, ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? அதுங்க முகத்தைக் கொஞ்சம் நெனைச்சுப் பார்த்தியா?” என்கிறார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் பத்து வாக்கியம் பேசுகிறார். அந்தப் பெண் போர்வையை முகம்வரை இழுத்துக்கொள்கிறார். பிறகு நான் தனியாகப் பேசியபோது அவர் சொன்ன முதல் விஷயம், பிள்ளைகளின் முகத்தை நினைத்து நினைத்துத்தான் அந்த மாதம் முழுவதும் ஓட்டினேன் என்பது. குழுக் கடன் தவணைக்கு வாரந்தோறும் வாசலில் வந்து நிற்பவர்கள், அதை வீட்டில் சொல்ல முடியாத பயம், குடித்துவிட்டு வரும் கணவர் என்று அதற்குப் பின்னால் ஒரு நீண்ட வரிசை இருந்தது. பிள்ளைகளை மறந்தவள் என்ற பழியை அந்த வரிசையின் முனையில் நாம் சேர்த்து வைக்கிறோம்.

செவிலியரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஒரே இரவில் நாற்பது படுக்கைகளைப் பார்க்க வேண்டியவருக்கு, இந்த நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. மேலும், உயிர் பிழைக்கப் போராடும் ஒருவர் பக்கத்துக் கட்டிலில் இறந்துபோன இரவில், உயிரை வேண்டாம் என்று சொன்னவரிடம் கோபம் வருவது மனித இயல்பு. ஆனால் அந்தக் கோபம் சிகிச்சையாக மாறிவிடக் கூடாது. “சும்மா மிரட்டறதுக்குப் பண்ணியிருக்கா”, “இது அடிக்கடி வர்ற கேஸ்” போன்ற சொற்கள் படுக்கையில் இருப்பவரின் காதில் விழுகின்றன. உடலைச் சுத்தப்படுத்தும் முறைகளையே பாடம் புகட்டும் தண்டனையாக நினைக்கும் பழக்கமும், தையல் போடும்போது மரத்துப்போகும் ஊசியில் கஞ்சத்தனம் காட்டும் பழக்கமும் உலகின் பல நாடுகளில் இருந்திருக்கின்றன. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2004-இல் வெளியிட்ட முதல் சுயதீங்கு வழிகாட்டியே, இவர்களுக்குத் தையல் போடும்போது போதிய மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது. எழுதி வைத்தால்தான் நடக்கும் என்ற நிலை அங்கேயும் இருந்திருக்கிறது என்பது எனக்கு ஒருபுறம் வருத்தத்தையும், மறுபுறம் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையையும் தருகிறது.

அடுத்தது சட்டத்தின் நிழல். விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, “வயிற்று வலி தாங்காமல்” என்றும் “தவறுதலாக” என்றும் உறவினர்கள் சொல்வது நம் ஊரில் அனைவருக்கும் தெரிந்த வழக்கம். மருத்துவமனை அவுட்போஸ்ட் போலீஸ், எம்.எல்.சி. என்ற மருத்துவ-சட்டப் பதிவு, வழக்கு என்ற பயமே அதற்குக் காரணம். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. 2017-இல் நிறைவேறி 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, அப்படி முயன்றவர் வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று கூறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 309-க்கு இணையான பொதுப் பிரிவே இல்லை. அரசு ஊழியரைத் தன் கடமையைச் செய்யும்படி கட்டாயப்படுத்தும் அல்லது செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-ஆம் பிரிவில் குற்றமாக இருக்கிறது. வார்டுக்கு இந்தச் செய்தி இன்னும் முழுமையாக வந்து சேரவில்லை. இன்றும் ஒருவர் என்னிடம் பேசத் தொடங்கும் முன், “இதை எழுதுவீங்களா மேடம்? போலீஸுக்குப் போகுமா? வேலைக்குப் பிரச்சினை வருமா?” என்றுதான் கேட்கிறார். முதல் பத்து நிமிடம் இந்தப் பயத்தைப் போக்குவதிலேயே போகிறது.

115-ஆம் பிரிவின் இரண்டாவது உட்பிரிவைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறோம். அப்படி முயன்றவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்து, அது மீண்டும் நிகழும் அபாயத்தைக் குறைப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. தண்டிக்காமல் விடுவதோடு சட்டம் நின்றுவிடவில்லை. கவனிக்க வேண்டும் என்று கட்டளையிடுகிறது. மறுவருகைத் தேதி இல்லாத டிஸ்சார்ஜ் சீட்டு அந்தக் கடமையை நிறைவேற்றியதாக ஆகாது. தனியார் மருத்துவமனைகளில் நிலைமை வேறுவிதமாகக் கெட்டிருக்கிறது. போலீஸ் கேஸ் என்று சொல்லி முதலுதவியோடு அரசு மருத்துவமனைக்கு அனுப்பி விடுவது ஒரு வகை. குடும்பத்தின் மானத்தைக் காப்பதாகச் சொல்லி எந்தப் பதிவும், எந்த மனநல ஆலோசனையும் இல்லாமல் பில்லைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு வகை.

சரி, என்ன செய்ய வேண்டும்? நைஸ் அமைப்பு 2022 செப்டம்பரில் புதிய வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. அது பிரிட்டனின் மருத்துவ அமைப்புக்காக எழுதப்பட்டது. அங்கே பெரிய மருத்துவமனைகளில் அவசரப் பிரிவுக்கு அருகிலேயே மனநலக் குழு இருக்கும். அதை அப்படியே நம் மாவட்ட மருத்துவமனைக்குப் பொருத்த முடியாது. ஆனால் அதில் உள்ள இரண்டு மூன்று கருத்துகள் எந்த ஊருக்கும் பொருந்துபவை. சுயதீங்குக்குப் பின் வரும் ஒவ்வொருவருக்கும் உளவியலும் சமூகச் சூழலும் சேர்ந்த முழுமையான மதிப்பீடு நடக்க வேண்டும். உடல் சிகிச்சை முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது. அவர் பேசக்கூடிய நிலையில் இருந்தால் அன்றே பேசத் தொடங்கலாம். நம்மிடம் நடப்பது இதற்கு நேர்மாறு. மெடிக்கல் வார்டிலிருந்து “சைக்கியாட்ரி ஒப்பீனியன்” கேட்டு எங்களுக்குத் தாள் வருவது பெரும்பாலும் டிஸ்சார்ஜ் ஆகும் காலையில்தான். ஆட்டோ கீழே நிற்கும், பை கட்டியிருக்கும், உறவினர் “சீக்கிரம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க” என்பார். அந்த அவசரத்தில் ஒருவர் தன் மனத்தைத் திறப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

மதிப்பீடு என்ற பெயர் ஒரு படிவத்தை நினைவூட்டுகிறது. உண்மையில் அது ஓர் உரையாடல். அதற்கு முதலில் தேவைப்படுவது ஒரு தனி இடம். பொது வார்டில் அது கிடைப்பதில்லை. செவிலியர் அறையோ, மருந்து வைக்கும் அறையோ, மதியத்துக்குப் பிறகு காலியாகும் ஓ.பி. அறையோ போதும். இரண்டாவதாக, உறவினரை வெளியே இருக்கச் சொல்லும் துணிவு வேண்டும். “நானும் இருக்கேனே, அவளுக்குப் பேசத் தெரியாது” என்று சொல்லும் கணவரிடம், எல்லா நோயாளிகளிடமும் முதலில் தனியாகத்தான் பேசுவோம், அதன் பிறகு உங்களோடும் பேசுவோம் என்று பொதுவான விதியாகச் சொன்னால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். குடும்பத்தை ஒதுக்குவதும் தவறு. நம் ஊரில் நோயாளிக்குத் துணையாக நிற்கப் போவதும் அவர்களே, சில வீடுகளில் காயத்தின் காரணமும் அவர்களே. எது எந்த வீடு என்பது தனியாகப் பேசினால்தான் தெரியும். வீட்டில் அடி உதை இருக்கிறதா என்ற கேள்வியைக் கணவரின் எதிரில் கேட்டால், கேட்காமல் விட்டதைவிட அது மோசமானது.

கேள்விகளின் வரிசையும் முக்கியம். ஏன் செய்தாய் என்று தொடங்கினால் அவர் தன்னைத் தற்காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார். அன்று காலை எழுந்ததிலிருந்து என்ன நடந்தது என்று கேட்டால், நடந்ததைச் சொல்வார். சொல்லச் சொல்ல, எந்த இடத்தில் எல்லாம் கைமீறிப் போனது என்பது அவருக்கே தெரியவரும். இப்போதும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்து விடுவோம் என்ற அச்சம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லை. கேட்டதும் பலருடைய முகத்தில் ஒரு பாரம் இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எல்லோருக்கும் மனநோய் இருக்கும் என்று கருதுவதும் கூடாது. மனச்சோர்வு, குடிநோய், தீராத உடல் வலி ஆகியவை உள்ளவர்களுக்கு அவற்றுக்கான சிகிச்சை வேண்டும். மற்றவர்களுக்குக் கடனைப் பற்றிப் பேச ஒருவரும், வன்முறையிலிருந்து வெளியேற ஒரு வழியும், முதியோர் உதவித்தொகைக்கான மனுவும்கூட சிகிச்சையின் பகுதிதான். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, தனியாக வாழும் எழுபது வயதுப் பெரியவருக்கு மாத்திரையை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினால் அவருடைய வேதனையில் பாதியை நாம் தொடவே இல்லை. மாத்திரை எழுதும்போதும் ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகக் கையில் கொடுக்காமல், வாரம் ஒருமுறை வந்து வாங்கும்படி செய்வது பாதுகாப்பானது. அந்த வாராந்தர வருகையே ஒரு தொடர்பாகவும் அமையும்.

நைஸ் வழிகாட்டியின் இன்னொரு கருத்து, நம் மருத்துவர்கள் பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். மதிப்பெண் பட்டியல்களைக் கொண்டு ஒருவர் மீண்டும் முயல்வாரா என்று கணிக்கக் கூடாது. குறைந்த அபாயம், நடுத்தர அபாயம், அதிக அபாயம் என்று பிரித்து, அதன் அடிப்படையில் யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று முடிவு செய்யக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. இங்கிலாந்தின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், இத்தகைய அளவுகோல்கள் மருத்துவரின் சொந்தக் கணிப்பையும் நோயாளியின் சொந்தக் கணிப்பையும்விடச் சிறப்பாகச் செயல்படவில்லை. மனநல சேவையோடு தொடர்பில் இருந்து தற்கொலையால் இறந்தவர்களில் பெரும்பாலோர், கடைசியாகப் பார்க்கப்பட்டபோது உடனடி அபாயம் குறைவு என்றே குறிக்கப்பட்டவர்கள் என்பதும் இத்தகைய இறப்புகளை ஆராயும் அந்த நாட்டின் தேசிய விசாரணைப் பதிவுகளிலிருந்து வந்த செய்தி. “லோ ரிஸ்க்” என்று எழுதிவிட்டால் எழுதியவருக்கு நிம்மதி. எழுதப்பட்டவருக்கு அதனால் ஒன்றும் கிடைப்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, இவர் எந்தப் பெட்டியில் விழுகிறார் என்பது அல்ல, இவருக்கு இப்போது என்ன தேவை என்பது.

அந்தத் தேவைகளில் ஒன்றை அரை மணி நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளில் செய்து கொடுக்கலாம். பாதுகாப்புத் திட்டம் என்று அதற்குப் பெயர். மனம் மீண்டும் அந்தத் திசையில் போகத் தொடங்கும்போது முதலில் தெரியும் அறிகுறி என்ன, அப்போது தானாகச் செய்யக்கூடியது என்ன, எங்கே போய் யாரோடு இருக்கலாம், யாரிடம் வாய்விட்டுச் சொல்லலாம், எந்த எண்ணுக்கு அழைக்கலாம், வீட்டில் எதை அப்புறப்படுத்த வேண்டும் என்பவற்றை நோயாளியே தன் சொற்களில் எழுதுகிறார். எழுதத் தெரியாதவருக்கு நாம் எழுதிக் கொடுக்கிறோம். “ராத்திரி சாப்பிடாம திண்ணையில போய் உக்காந்துட்டேன்னா அது ஆரம்பம்” என்று ஒரு விவசாயி சொன்னதை அப்படியே முதல் வரியாக எழுதினோம். அவருடைய தங்கைக்கு அந்த ஒரு வரி மருத்துவரின் எந்த விளக்கத்தையும்விடப் பயன்பட்டது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளின் ஒன்பது அவசரப் பிரிவுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இத்தகைய திட்டத்தோடு வீடு திரும்பிய பின் தொலைபேசி அழைப்புகளையும் பெற்றவர்களிடம் அடுத்த ஆறு மாதங்களில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்தன.

தொலைபேசி அழைப்பு என்ற இந்த இடத்தில்தான் நம் சென்னைக்கு ஒரு பெருமை இருக்கிறது. அது நமக்கே அதிகம் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் பிரேசிலின் கேம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யுன்செங் ஆகிய நகரங்களோடு சென்னையையும் சேர்த்து ஐந்து இடங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. சென்னையில் அதை முன்னெடுத்தவர், 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மணி நேரத் தனி உரையாடலும், பிறகு பதினெட்டு மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசி அழைப்போ நேரடிச் சந்திப்போ. முதல் வாரம், இரண்டாம் வாரம், நான்காம், ஏழாம், பதினொன்றாம் வாரங்கள், அதன்பின் நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்கள். 2008-இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைக்கப்பட்டிருந்தவர்களில் 0.2 விழுக்காட்டினர். பிற்காலத்தில் வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு வலுவான வேறுபாட்டைக் காட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும், நம் நகரத்து மருத்துவமனையில், நம் மக்களிடம், பெரிய செலவு இல்லாமல் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு முறை, இத்தனை ஆண்டுகள் கழித்தும் நம் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் வழக்கமாகவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அழைப்பில் என்ன பேசுகிறோம் என்று சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலும் மிகச் சாதாரணமான பேச்சு. “சாப்பிட்டீங்களா, தூக்கம் எப்படி இருக்கு, அந்தச் சீட்டுக்காரர் மறுபடி வந்தாரா?” என்று கேட்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சிலர் எடுத்ததும், “ஒண்ணும் இல்ல மேடம், நல்லா இருக்கேன்” என்று வைத்துவிடுவார்கள். அதுவும் ஒரு பதில்தான். நான்காவது வாரத்தில் ஒருவர், நான் ஒன்றும் கேட்கும் முன்பே, “நீங்க இந்த வாரம் கூப்பிடுவீங்கன்னு சொன்னதால முந்தாநேத்து ராத்திரி பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்” என்றார். அன்று மாலையே அவரை மருத்துவரிடம் வரவழைத்தோம். அந்த அழைப்புக்கு ஆன செலவு கணக்கில் வைக்கக்கூட முடியாத அளவுக்குச் சிறியது.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. முதலாவது, எண். பல பெண்கள் கொடுக்கும் எண் கணவருடையது. கணவரிடம் “மருத்துவமனையிலிருந்து” என்று சொல்லலாமா, என்ன சொல்லக் கூடாது என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அக்கா வீட்டு எண், வேலை செய்யும் இடத்துத் தோழியின் எண் என்று மாற்று எண் ஒன்றை வாங்குவது நல்லது. எந்த நேரத்தில் அழைத்தால் தனியாகப் பேச முடியும் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது, ஆள். மாவட்ட மனநலத் திட்டத்தில் இருக்கும் ஓரிரு சமூகப் பணியாளர்களும் உளவியலாளர்களும் ஓ.பி., பள்ளி முகாம், அறிக்கை, கூட்டம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வாரத்தில் இரண்டு அரை நாட்களை இந்த அழைப்புகளுக்கென்றே ஒதுக்கி, அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தால்தான் இது நிற்கும். ஒருவருடைய நல்ல மனத்தை மட்டும் நம்பி நடக்கும் எதுவும் அவர் மாறுதலாகிப் போனதும் நின்றுவிடுகிறது.

வீடு தேடிப் போகும் அமைப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே போகிறது. கர்ப்பிணிகளைக் கிராம சுகாதார செவிலியர் பெயர் பெயராகத் தெரிந்து வைத்திருக்கிறார். அந்த வலையில் இவர்களையும் சேர்க்கலாம் என்பது என் கருத்தும்தான், ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனையோடு: நோயாளியின் சம்மதம் இல்லாமல் யாரும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கக் கூடாது. சிறிய கிராமத்தில் சுகாதார ஊழியர் எந்த வீட்டில் எதற்காக நுழைகிறார் என்பது மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். சர்க்கரை மாத்திரைக்கு அதனால் கெடுதல் இல்லை, இதற்கு உண்டு. சம்மதிப்பவருக்கு வீட்டுச் சந்திப்பு, தயங்குபவருக்குத் தொலைபேசி என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

இந்தத் தேவை இனிக் கூடத்தான் போகிறது. இலங்கையில் 1995-இல் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 என்ற உச்சத்தில் இருந்தது. ஆபத்தான பூச்சிக்கொல்லிகளை அந்த அரசு படிப்படியாகத் தடை செய்தது, 1998-இல் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்தும் நீக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் 70 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. உலகமே எடுத்துக்காட்டாகப் பேசும் சாதனை அது. ஆனால் இறப்பு குறைந்த அதே காலத்தில், நஞ்சு பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. முன்பு இறந்திருக்கக்கூடியவர்கள் நோயாளிகளாகப் பிழைத்தார்கள். தமிழ்நாட்டிலும் ஆபத்தான பூச்சிக்கொல்லிகள் சிலவற்றின் மீது கட்டுப்பாடு வந்திருக்கிறது, அவசர சிகிச்சை மேம்பட்டிருக்கிறது, ஆகவே இன்னும் அதிகமானோர் பிழைத்து எழுந்து உட்காருவார்கள். தற்கொலை இறப்பை 2030-க்குள் 10 விழுக்காடு குறைப்பது என்று 2022 நவம்பரில் வந்த தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி இலக்கு வைத்திருக்கிறது. அந்த இலக்குக்கு மிக அருகில் இருப்பவர்கள் நம் மெடிக்கல் வார்டிலேயே படுத்திருக்கிறார்கள். யாரைத் தேடிக் கண்டுபிடிப்பது என்ற கஷ்டம்கூட இல்லை.

எங்கள் மருத்துவமனையில் இப்போது நாங்கள் கேட்டிருப்பவை நான்கு. சுயதீங்கு என்று அட்மிட் ஆனவரின் பெயர் மறுநாள் காலைக்குள் மனநலப் பிரிவுக்குத் தெரிய வேண்டும். எங்களில் ஒருவர் தனியாகப் பேசாமல் டிஸ்சார்ஜ் எழுதக் கூடாது. தொடர் அழைப்புகளுக்கென்று ஒரு கைபேசியும் ஒரு பதிவேடும் வேண்டும். ஹவுஸ் சர்ஜன்கள் எனப்படும் பயிற்சி மருத்துவர்களுக்கும் வார்டு செவிலியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறை அரை நாள் பயிற்சி, அதில் அவர்கள் பார்த்த இறப்புகளைப் பற்றி அவர்களே பேசவும் ஒரு மணி நேரம் வேண்டும். முதல் கோரிக்கைக்கு ஒப்புதல் கிடைத்து நடைமுறைக்கு வந்துவிட்டது. மூன்றாவதற்கான கடிதம் மேசையில் இருக்கிறது.

இதைப் படிப்பவர்களில் யாருக்காவது இப்போது அப்படியொரு வேதனை இருந்தால், அல்லது வீட்டில் ஒருவரைப் பற்றிக் கவலை இருந்தால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணம் இல்லாமல் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும், சினேகாவின் 044-24640050 எண்ணும் இருக்கின்றன. ஏற்கெனவே உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால், அறிகுறி எதுவும் தெரியாவிட்டாலும் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள். மருத்துவரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மனநலப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை.